ஆறாவது மாதத்தில் மாறும் ரத்தம்!

உடம்புக்குள்ளே... வாராவாரம்

“பொறந்தப்போ ரோஜாப்பூ மாதிரி இருந்துச்சு. ஆறு மாசம் ஆகலை, இப்படி வெளுத்துப்போய்க் கிடக்கே! நீ ஒழுங்கா பால் குடுக்கிறியா, இல்லையா?”

“குடுக்கிறேன் அத்தை. டாக்டர் சொன்ன சொட்டு மருந்தும் குடுக்கிறேன்.”

“அப்போ யாரோ கண்ணு வெச்சிட்டாங்க. இல்லேன்னா மாசமா இருந்தப்போ நீ சத்து மாத்திரையைத் தூக்கிப் போட்டிருப்பே.”

இப்படி ஒரு பேச்சு நம் ஊரில் எத்தனையோ வீடுகளில் நடந்திருக்கும். பேச்சின் முடிவில் ஒரு தாய் அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பாள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்த வெளுப்பு இரும்புச்சத்துக் குறைவால் வருவது. கவனித்தால் சரியாகிவிடும். ஆனால், சில குழந்தைகளுக்கு மட்டும் காரணம் வேறு. அந்தக் காரணம் பாலிலும் இல்லை, கண்ணேறிலும் இல்லை. குழந்தையின் எலும்பு மஜ்ஜைக்குள், கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்விட்ச் மாறியதில் இருக்கிறது.

அந்த ஸ்விட்சைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறோம். உங்கள் ஒவ்வொருவருக்குள்ளும் அது ஒருமுறை மாறியிருக்கிறது. உங்களுக்குத்தான் தெரியாது!

கைக்குழந்தைக்கு வேறு ரத்தம்

ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் கொடுப்பது ஹீமோகுளோபின் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ‘ஹெச்.பி. எவ்வளவு இருக்கு?’ என்று கேட்காத வீடே இல்லை. நுரையீரலில் ஆக்ஸிஜனை ஏற்றிக்கொண்டு, உடம்பு முழுக்கக் கொண்டுபோய் இறக்குவது அதன் வேலை. சரக்கு ஏற்றி இறக்கும் லாரி மாதிரி.

இந்த லாரி நான்கு பாகங்கள் சேர்ந்து உருவானது. ஒவ்வொரு பாகமும் குளோபின் என்ற புரதச் சங்கிலி. ஒவ்வொரு சங்கிலியும் தன் மடியில் ஓர் இரும்பு அணுவை வைத்திருக்கிறது. ஆக்ஸிஜன் வந்து உட்காருவது அந்த இரும்பின் மேல்தான். பெரியவர்களின் ஹீமோகுளோபினில் இரண்டு ஆல்ஃபா சங்கிலிகள், இரண்டு பீட்டா சங்கிலிகள் இருக்கும். ஒரு சிவப்பணுவுக்குள் இப்படிப்பட்ட ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் சுமார் 27 கோடி!

ஆனால், பிறந்த குழந்தையின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால், பாதிக்கும் மேல் இந்த ஹீமோகுளோபின் இருக்காது. பீட்டா இருக்க வேண்டிய இடத்தில் காமா என்ற வேறொரு சங்கிலி உட்கார்ந்திருக்கும். இதற்குக் ‘கரு ஹீமோகுளோபின்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். குழந்தை வயிற்றில் இருக்கும்போது தயாரான சரக்கு அது.

குழந்தையின் ரத்தம் வேறு மாதிரி இருக்கிறது என்பது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. 1866-லேயே கோர்பர் என்ற ஆய்வாளர் இதைக் கவனித்துவிட்டார். பெரியவர்களின் ரத்தத்தில் காரம் சேர்த்தால் அதன் ஹீமோகுளோபின் சீக்கிரமே சிதைந்துபோனது. பச்சிளம் குழந்தையின் ரத்தமோ அதே காரத்தைத் தாக்குப்பிடித்து நின்றது.

எதற்காக இந்த ஏற்பாடு?

வயிற்றில் இருக்கும் குழந்தை மூச்சு விடுவதில்லை. அதற்கு ஆக்ஸிஜன் அம்மாவின் ரத்தத்திலிருந்துதான் வர வேண்டும். நஞ்சுக்கொடியில் அம்மாவின் ரத்தம் ஒரு பக்கம், குழந்தையின் ரத்தம் மறு பக்கம். நடுவில் மெல்லிய தடுப்பு. இரண்டும் கலப்பதில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஹீமோகுளோபின் இருந்தால், அம்மாவிடமிருந்து குழந்தைக்கு ஆக்ஸிஜன் எளிதில் கைமாறுமா? குழந்தையின் ஹீமோகுளோபினுக்குக் கொஞ்சம் கூடுதல் பிடிப்பு இருந்தால்தான் நல்லது.

அந்தக் கூடுதல் பிடிப்பைக் கொடுப்பது காமா சங்கிலி. நம் சிவப்பணுக்களுக்குள் பி.பி.ஜி. என்று ஒரு சிறிய மூலக்கூறு உண்டு. அது ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொண்டு, ‘போதும், ஆக்ஸிஜனை விடு’ என்று பிடியைத் தளர்த்தும். பெரியவர்களின் ஹீமோகுளோபின் அதன் பேச்சைக் கேட்கும். கரு ஹீமோகுளோபின் அவ்வளவாகக் கேட்காது. அதனால், அம்மாவின் ஹீமோகுளோபின் விடும் ஆக்ஸிஜனைக் குழந்தையின் ஹீமோகுளோபின் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது.

பிறந்த பிறகு கதை மாறுகிறது. குழந்தை தானே மூச்சு விடுகிறது. நுரையீரலில் ஆக்ஸிஜன் தாராளம். இனி கெட்டியாகப் பிடிப்பதைவிட, ஓடி ஆடும் தசைகளுக்குத் தாராளமாக இறக்கிவிடுவதுதான் முக்கியம். அதற்குப் பீட்டா சங்கிலி பொருத்தமானது. காமா மெல்ல ஓய்வெடுக்க, பீட்டா பொறுப்பேற்கிறது.

வரிசையில் நிற்கும் அண்ணன் தம்பிகள்

இந்தச் சங்கிலிகளைத் தயாரிக்கும் குறிப்புகள்தான் மரபணுக்கள். பீட்டா குடும்பத்து மரபணுக்கள் எல்லாம் நம் 11-வது குரோமோசோமில் ஒரே வரிசையில் நிற்கின்றன. முதலில் எப்சிலான். அடுத்து இரண்டு காமா. பிறகு டெல்டா. கடைசியில் பீட்டா. ஆல்ஃபா குடும்பம் 16-வது குரோமோசோமில் தனி வீட்டில் இருக்கிறது.

இதில் ஓர் அழகு உண்டு. அவை எந்த வரிசையில் நிற்கின்றனவோ, ஏறக்குறைய அதே வரிசையில்தான் வாழ்க்கையில் வேலைக்கு வருகின்றன!

கரு உருவான முதல் சில வாரங்களில், கருவை ஒட்டியிருக்கும் ஒரு சிறு பையில் ரத்தம் தயாராகிறது. அப்போது வேலை செய்வது எப்சிலான். பிறகு ரத்தத் தயாரிப்பு கல்லீரலுக்கு இடம் மாறுகிறது. எப்சிலான் அணைய, காமா எரிகிறது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் எலும்பு மஜ்ஜை தயாரிப்பைக் கையில் எடுக்கிறது. பீட்டா கொஞ்சம் கொஞ்சமாகக் குரலை உயர்த்துகிறது. குழந்தை பிறந்து ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் காமா ஏறக்குறைய அணைந்துவிடும். பெரியவர்களிடம் கரு ஹீமோகுளோபின் பொதுவாக நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. டெல்டா மட்டும் வாழ்நாள் முழுக்க ஓரமாக நின்று நூற்றில் இரண்டு, மூன்று பங்கு கொடுத்துக்கொண்டிருக்கும். இந்த டெல்டாவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு பரிசோதனைக்கு இது உதவப்போகிறது.

குழந்தை வெளியே வந்து அழுததும்தான் ஸ்விட்ச் மாறுகிறதா? இல்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பிறந்த உடனே மாறுவதில்லை. கரு தரித்த நாளிலிருந்து கணக்கு வைத்துக்கொண்டு, அதன் நேரம் வரும்போதுதான் மாறுகிறது. பிரசவ தேதி முன்னே பின்னே போனாலும், மஜ்ஜையின் காலண்டர் தனி.

ஸ்விட்ச் எப்படி வேலை செய்கிறது?

உடம்பில் உள்ள கிட்டத்தட்ட எல்லா செல்களிலும் எல்லா மரபணுக்களும் இருக்கின்றன. உங்கள் கன்னத்துச் செல்லிலும் பீட்டா குளோபின் மரபணு உண்டு. ஆனால், அது அங்கே ஒரு சொட்டு ஹீமோகுளோபினும் செய்வதில்லை. ஒரு வீட்டில் எல்லா அறைகளிலும் விளக்கு இருக்கிறது. எந்த நேரத்தில் எந்த விளக்கு எரிய வேண்டும் என்பதை முடிவு செய்வது ஸ்விட்ச் போர்டு. அதேபோலத்தான் இதுவும்.

பீட்டா குடும்பத்து வரிசைக்கு முன்னால், சற்றுத் தள்ளி, டி.என்.ஏ.வில் ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி இருக்கிறது. இதுதான் மெயின் ஸ்விட்ச். இது தானாக எந்தப் புரதத்தையும் செய்யாது. ஆனால், இது வந்து தொட்டால்தான் வரிசையில் உள்ள மரபணு முழு வேகத்தில் வேலை செய்யும். தூரத்தில் இருப்பது எப்படித் தொடும்? டி.என்.ஏ. நூல் வளைந்து, சுருக்குப் போட்ட மாதிரி மடங்கி, மெயின் ஸ்விட்சை மரபணுவின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது.

ஒரு நேரத்தில் அது ஒரு மரபணுவோடுதான் கைகோக்க முடியும். கருவில் காமாவோடு கைகோத்திருந்தது. காமாவின் கதவு அடைக்கப்பட்டதும், கை பீட்டா பக்கம் போகிறது. ஆக, காமாவை அடைப்பதும் பீட்டாவை எழுப்புவதும் ஒன்றோடொன்று பின்னியவை.

காமாவின் கதவை அடைப்பது யார்? பல காவலாளிகள் இருக்கிறார்கள். அவர்களில் முக்கியமானவர் பி.சி.எல்.11ஏ என்ற புரதம். அது காமா மரபணுவின் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டு, ‘இனி இங்கே வேலை இல்லை’ என்று அடைத்துவிடுகிறது. கூடவே, வாசலில் சில ரசாயன முத்திரைகளும் குத்தப்படுகின்றன. மரபணு அழிவதில்லை, காணாமல் போவதில்லை. பூட்டிய அறையில் பத்திரமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரத்தத்தில் ஓடும் சிவப்பணுவுக்கு உட்கருவே கிடையாது. மஜ்ஜையை விட்டுக் கிளம்பும் முன்பே அதைத் தூக்கி எறிந்துவிடுகிறது. எனவே இந்த ஸ்விட்ச் முடிவுகள் எல்லாம் மஜ்ஜைக்குள், சிவப்பணு வளரும் பருவத்திலேயே எடுக்கப்படுகின்றன. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாட்கள். பழைய காமா லாரிகள் ஓய்வுபெற, புதிய பீட்டா லாரிகள் சாலைக்கு வர, ரத்தம் முழுவதும் மாற மாதக்கணக்கில் ஆவது இதனால்தான்.

ஆறு மாதக் கணக்கு புரிகிறதா?

இப்போது அந்த அத்தையின் கேள்விக்கு வருவோம்.

ஒரு குழந்தைக்குப் பீட்டா மரபணுவில் பழுது இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் இருக்கும்போது அது வெளியே தெரியுமா? தெரியாது. அப்போது வேலை செய்வது காமா. பிறக்கும்போதும் தெரியாது. எடை சரியாக இருக்கும், அழுகை சத்தமாக இருக்கும். எல்லோரும் கொஞ்சுவார்கள். மாதங்கள் போகப் போக காமா அணைகிறது. பீட்டா வந்து பொறுப்பேற்க வேண்டிய நேரம். ஆனால், வரவேண்டியவர் வரவில்லை. அல்லது, பழுதோடு வருகிறார். குழந்தை வெளுக்கத் தொடங்குகிறது.

நோய் ஆறாவது மாதத்தில் வரவில்லை. கருவான அன்றே இருந்தது. காமா இத்தனை நாள் அதை மறைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். தாய் எதைச் சாப்பிட்டாள், எதைச் சாப்பிடவில்லை என்பதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

பீட்டா சங்கிலி போதிய அளவு உற்பத்தியாகாத நோய்க்குப் பெயர் பீட்டா தலசீமியா. ஜோடி கிடைக்காத ஆல்ஃபா சங்கிலிகள் செல்லுக்குள் கட்டிகட்டியாகப் படிந்து, சிவப்பணு வளர்வதற்கு முன்பே மஜ்ஜையில் அதைச் சாகடிக்கின்றன. தீவிரமான வகை என்றால், குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் ரத்தத்தோடு இரும்பும் சேர்ந்து இதயத்திலும் கல்லீரலிலும் படியும். அதை வெளியேற்றத் தனி மருந்து வேண்டும். இந்தியாவில் நூற்றில் மூன்று, நான்கு பேர் இதன் மரபணுவைச் சுமப்பவர்கள் என்றும், ஆண்டுதோறும் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் தீவிர வகையோடு பிறக்கிறார்கள் என்றும் மதிப்பிடுகிறார்கள்.

இன்னொன்று சிக்கிள் செல் எனும் அரிவாள் செல் நோய். இதில் பீட்டா சங்கிலி உற்பத்தியாகிறது. ஆனால், அதில் ஆறாவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. அந்தச் சின்ன மாற்றத்தால், ஆக்ஸிஜனை இறக்கிய ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீளக் கம்பிகளாகின்றன. உருண்டையாக இருந்த செல் அரிவாளாக வளைகிறது. மெல்லிய ரத்தக் குழாய்களில் சிக்கி அடைக்கிறது. அப்போது வரும் வலி, அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆல்ஃபா கதை வேறு. அது கருவிலிருந்தே தேவைப்படும் சங்கிலி. அதனால் ஆல்ஃபா முழுவதும் இல்லாமல் போனால் வயிற்றிலேயே குழந்தைக்கு ஆபத்து வந்துவிடும். எந்த மரபணு எப்போது எரிய வேண்டும் என்பதை வைத்தே, பழுது எப்போது வெளியே தெரியும் என்றும் சொல்லிவிடலாம்.

ஒரு டாக்டரம்மா கவனித்தது

1940-களில் நியூயார்க்கின் புரூக்ளினில் ஜேனட் வாட்சன் என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். அரிவாள் செல் மரபணு உள்ள தாய்மார்களுக்குப் பிறந்த குழந்தைகளின் ரத்தத்தைப் பரிசோதித்தார். தாயின் ரத்தத்தில் அரிவாள் வடிவச் செல்கள் நிறைய உருவாயின. அதே மரபணுவைப் பெற்ற பச்சிளம் குழந்தையின் ரத்தத்தில் மிகக் குறைவாகவே உருவாயின. மாதங்கள் ஆக ஆக அவை கூடின.

1948-ல் அவர் தன் கணிப்பை வெளியிட்டார். குழந்தையிடம் இருக்கும் கரு ஹீமோகுளோபின்தான் அதைக் காப்பாற்றுகிறது என்பதே அது. அடுத்த ஆண்டுதான் லைனஸ் பாலிங் குழுவினர், அரிவாள் செல் நோய்க்குக் காரணம் ஹீமோகுளோபின் மூலக்கூறில் உள்ள மாற்றம் என்று காட்டினார்கள். காரணம் தெளிவாகும் முன்பே, காப்பாற்றுவது எது என்று ஒரு குழந்தை மருத்துவர் ஊகித்துவிட்டார்!

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. அரிவாள் செல் என்பது ஆப்பிரிக்க வம்சாவளியினரின் பிரச்னை என்றே நெடுநாள் நினைத்திருந்தார்கள். 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நம் நீலகிரி மலைப் பழங்குடி மக்களிடம் அந்த மரபணு இருப்பதைக் கண்டறிந்து எழுதினார்கள். அதன்பின் நாட்டின் பல பழங்குடிப் பகுதிகளில் அது இருப்பது தெரியவந்தது. 2047-க்குள் இந்த நோயை ஒழிக்கும் இலக்கோடு, 2023 ஜூலை 1-ஆம் தேதி மத்தியப் பிரதேசத்தின் ஷாடோல் மாவட்டத்தில் தேசிய இயக்கம் தொடங்கப்பட்டது. ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்பது அதன் திட்டம்.

பூட்டாத கதவு தந்த துப்பு

உலகில் சிலருக்குக் காமாவின் கதவு வாழ்நாள் முழுக்கச் சரியாக அடைபடுவதே இல்லை. பெரியவர்களான பிறகும் அவர்கள் ரத்தத்தில் கரு ஹீமோகுளோபின் நிறைய இருக்கும். அதனால் அவர்களுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. பலர் தங்களுக்கு அப்படி இருப்பது தெரியாமலேயே வாழ்ந்து முடித்திருப்பார்கள்.

ஆனால், அப்படிப்பட்டவருக்குத் தலசீமியாவோ, அரிவாள் செல் நோயோ சேர்ந்து வந்தால் நோயின் கடுமை வெகுவாகக் குறைந்திருந்தது. கரு ஹீமோகுளோபின் அரிவாள் கம்பிகளில் சேராது. தலசீமியாவில் ஜோடியில்லாத ஆல்ஃபாவுக்குக் காமா துணையாகிவிடும்.

அப்படியானால், பழுதான பீட்டாவைச் சரிசெய்ய முடியாவிட்டாலும், அடைத்த காமாவைத் திறந்துவிட்டால் போதுமே! யோசனை எளிமை. ஆனால், பூட்டு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமே?

2007, 2008 ஆண்டுகளில் அந்தத் துப்பு கிடைத்தது. கரு ஹீமோகுளோபின் அதிகமாக உள்ளவர்களின் மரபணுக்களையும், குறைவாக உள்ளவர்களின் மரபணுக்களையும் ஒப்பிட்டார்கள். ஸ்வீ லே தெயின் குழுவினரும், இத்தாலியின் சார்டீனியா தீவில் ஆய்வு செய்தவர்களும் ஒரே இடத்தைச் சுட்டிக் காட்டினார்கள். அதுதான் பி.சி.எல்.11ஏ. அந்தப் புரதத்தைக் குறைத்தால் காமா மீண்டும் எரிகிறது என்பதை 2008-ல் பாஸ்டனில் ஸ்டூவர்ட் ஆர்கினின் ஆய்வகத்தில் விஜய் சங்கரன் உள்ளிட்டோர் நிரூபித்தார்கள்.

ஒரு சிக்கல் மீதமிருந்தது. பி.சி.எல்.11ஏ வெறும் வாட்ச்மேன் வேலை மட்டும் பார்ப்பதில்லை. மூளை வளர்ச்சிக்கும், நோய் எதிர்ப்புச் செல்களுக்கும் அது தேவை. அதை ஒட்டுமொத்தமாக நிறுத்தினால் வேறு ஆபத்துகள் வரும். 2013-ல் அதற்கும் வழி கிடைத்தது. அந்த மரபணுவுக்குள்ளேயே, ரத்தச் சிவப்பணுக்கள் உருவாகும் செல்களில் மட்டும் வேலை செய்யும் ஒரு சிறு பகுதி இருந்தது. அதை வெட்டினால், அந்தக் காவலாளி ரத்தத் தயாரிப்பில் மட்டும் விடுப்பு எடுப்பார். மற்ற இடங்களில் வழக்கம்போல வேலைக்கு வருவார்!

கத்தரிக்கோல் சிகிச்சை

வெட்டுவதற்கான கத்தரிக்கோலும் அதே காலத்தில் தயாரானது. அதுதான் கிரிஸ்பர். இதை உருவாக்கிய இமானுவெல் ஷார்பான்டியே, ஜெனிஃபர் டௌட்னா இருவருக்கும் 2020-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

நோயாளியின் ரத்தத்திலிருந்து மூலச் செல்களைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் அந்தச் சிறு பகுதியை வெட்டி, மறுபடி அவருக்கே செலுத்துகிறார்கள். அமெரிக்காவின் மிசிசிப்பியைச் சேர்ந்த விக்டோரியா கிரே என்ற பெண், 2019-ல் அரிவாள் செல் நோய்க்காக இந்தச் சிகிச்சையைப் பெற்றார். அமெரிக்காவில் அந்த நோய்க்கு இதைப் பெற்ற முதல் நபர் அவர். வலியால் அடிக்கடி மருத்துவமனைக்கு ஓடிக்கொண்டிருந்தவர், பிறகு வேலைக்குப் போய் பிள்ளைகளைக் கவனிக்கும் வாழ்க்கைக்குத் திரும்பியதாகப் பொது மேடைகளிலேயே பேசியிருக்கிறார்.

‘காஸ்ஜெவி’ என்ற பெயரில் இந்தச் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும், டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி அளித்தன. அமெரிக்க அனுமதிக்கு அடிப்படையான சோதனையில், கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்ட 31 பேரில் 29 பேருக்கு, குறைந்தது ஒரு வருடம் தொடர்ச்சியாகக் கடும் வலித் தாக்குதல் எதுவும் வரவில்லை.

கேட்க இனிப்பாக இருக்கிறது. விலையைக் கேட்டால் கசக்கும். அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர். அப்போதைய மதிப்பில் நம் பணத்தில் சுமார் 18 கோடி ரூபாய்! அதோடு, புதுச் செல்களுக்கு இடம் ஒதுக்க, பழைய மஜ்ஜையைக் கடுமையான கீமோ மருந்தால் காலி செய்ய வேண்டும். அதனால் பிற்காலத்தில் குழந்தைப்பேறு பாதிக்கப்படலாம்.

நம் நாட்டிலும் முயற்சிகள் நடக்கின்றன. டெல்லியில் உள்ள மத்திய அரசின் ஐ.ஜி.ஐ.பி. ஆய்வகம், குறைந்த செலவில் அரிவாள் செல் நோய்க்கான கிரிஸ்பர் சிகிச்சையை உருவாக்கி வருகிறது. வேலூர் சி.எம்.சி.யுடன் இணைந்த ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையத்தில், காமா மரபணுவின் வாசலிலேயே எழுத்துத் திருத்தம் செய்யும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவை வீட்டு வாசலுக்கு வரும்வரை, இன்று கையில் இருப்பவற்றையும் மறந்துவிடக் கூடாது. ஹைட்ராக்ஸியூரியா என்ற மாத்திரை கரு ஹீமோகுளோபினைக் கூட்டுகிறது. அரிவாள் செல் நோயில் வலித் தாக்குதல்களை ஏறக்குறைய பாதியாகக் குறைப்பதாக 1995-ல் வெளியான பெரிய சோதனை காட்டியது. விலையும் அதிகமில்லை. ஆனால், டாக்டரின் கண்காணிப்பில்தான் சாப்பிட வேண்டும். கர்ப்பிணிகளுக்குப் பொதுவாகத் தர மாட்டார்கள். தலசீமியாவுக்குப் பொருத்தமான கொடையாளர் கிடைத்தால் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை இருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

முதலில், குழந்தை வெளுத்திருந்தால் பதற வேண்டாம். இரண்டு, மூன்று மாதத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்கி ஏறும். அது இயல்பு. ஆறு மாதத்துக்குப் பிறகு இரும்பு இருப்பு தீரத் தொடங்குவதால் இணை உணவு அவசியம். ஆனால், வெளுப்பு கூடிக்கொண்டே போனாலோ, வயிறு உப்பினாலோ, கை கால் விரல்கள் வீங்கினாலோ, எடை ஏறாமல் நின்றாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மாதுளையும் பீட்ரூட்டும் நல்லவைதான். ஆனால், அவற்றால் ஒரு மரபணு ஸ்விட்சை மாற்ற முடியாது.

இரண்டாவது, சிலர் வருடக்கணக்கில் இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஹெச்.பி. ஏறாமல் இருப்பார்கள். அவர்களில் சிலர் தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்களாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் சிவப்பணுவின் அளவைக் குறிக்கும் ‘எம்.சி.வி.’ குறைவாக இருந்தால், ‘ஃபெரிட்டின்’ பார்த்து இரும்பு உண்மையிலேயே குறைவா என்று தெரிந்துகொண்டு டாக்டரிடம் பேசுங்கள்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். மரபணுவைச் சுமப்பவர் நோயாளி அல்ல. அவர் ஓடலாம், உழைக்கலாம், நூறு வயது வாழலாம். ஆனால், கணவன், மனைவி இருவருமே சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குழந்தைக்குத் தீவிர நோய் வரலாம். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கல்யாணம் செய்பவர்களுக்கு இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுதல்.

இதைக் கண்டுபிடிப்பது கடினம் இல்லை. ஹெச்.பி.எல்.சி. என்ற ரத்தப் பரிசோதனை போதும். ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே டெல்டா, அது செய்யும் ‘ஹெச்.பி. ஏ2’ அளவு 3.5 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால், பீட்டா தலசீமியா சுமப்பவராக இருக்கலாம் என்று அர்த்தம். கல்யாணத்துக்கு முன்போ, முடியாவிட்டால் கர்ப்பத்தின் தொடக்கத்திலோ செய்துகொள்ளலாம். மனைவிக்கு இருப்பது தெரிந்தால் கணவருக்கும் கட்டாயம் பார்க்க வேண்டும். இருவருக்கும் இருந்தால், கர்ப்ப காலத்திலேயே குழந்தையைப் பரிசோதிக்கும் வசதி பெரிய மருத்துவமனைகளில் உண்டு. ஜாதகம் பார்ப்பவர்கள் தாராளமாகப் பாருங்கள். பக்கத்தில் இந்த ஒரு பேப்பரையும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, எந்தப் பரிசோதனையும் தேவைப்படாத விஷயம். மருமகள் மேல் பழி போடாமல் இருப்பது. தீவிர நோய் ஒரு குழந்தைக்கு வர, அப்பாவிடமிருந்து ஒரு பழுதான மரபணுவும், அம்மாவிடமிருந்து ஒன்றும் வந்தாக வேண்டும். ஒருவர் மட்டும் காரணமாக இருக்கவே முடியாது. அந்த இருவருக்கும் அது அவரவர் பெற்றோரிடமிருந்து வந்தது. யாரும் கேட்டு வாங்கியதில்லை. அழுது நிற்கும் பெண்ணிடம், “வாம்மா, நாம எல்லாரும் போய் டெஸ்ட் எடுத்துக்கலாம்” என்று சொல்லும் ஓர் அத்தை இருந்தால், அந்த வீட்டில் பாதிப் பாரம் அன்றே இறங்கிவிடும்.

அடுத்த வாரம்: ஒரே அம்மா, ஒரே அப்பா. அண்ணனுக்கு ‘ஓ’ பாசிட்டிவ், தங்கைக்கு ‘பி’ நெகட்டிவ். எப்படி?